அறை முழுக்க ரப்பர் எதற்கு?

வீட்டில் பளு தூக்க ஓர் அறையை ஒதுக்குகிறவர்கள் பார்பெல் (இரு முனையிலும் பிளேட் எனும் எடைத்தட்டுகள் மாட்டும் நீளக் கம்பி) வாங்கும்போது நூறு கேள்வி கேட்பார்கள். தரை என்று வரும்போது மட்டும் ஒரே கேள்விதான்: எத்தனை மி.மீ. தடிமன்? கிடைக்கும் பதிலும் அநேகமாக ஒன்றுதான்: கையில் இருக்கும் காசுக்கு எவ்வளவு தடிமன் கிடைக்குமோ அதை வாங்கி, சுவரோடு சுவராக விரித்துவிடு. இந்த யோசனையைத் தவறென்று தள்ளிவிட முடியாது, அதனால்தான் அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அறை என்றால் 9 சதுர மீட்டர். 19 மி.மீ. கெட்டி ரப்பர் சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோ வரும். ஆக, 180 கிலோ ரப்பர் வாங்கிச் சுமந்து வந்து விரிக்க வேண்டும். அதில் பெரும்பகுதி பாரைத் தாங்கும் இரும்புச் சட்டமான ரேக்குக்கு அடியிலும், மூலைகளிலும், கதவு திறக்கும் இடத்திலும் கிடக்கும். அங்கெல்லாம் ஆயுளுக்கும் ஒரு பிளேட்கூட விழப்போவதில்லை.

அவ்வளவுக்கு வசதியில்லாதவர்கள் அடுத்து செய்வதுதான் இன்னும் மோசம். பரப்பைக் குறைப்பதில்லை, தடிமனைக் குறைக்கிறார்கள். 19 மி.மீ. போய் 8 மி.மீ. ரோல் வருகிறது, அதுவும் முடியாவிட்டால் ஒன்றோடொன்று கோர்க்கும் ஃபோம் மேட் வருகிறது. அறை பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் 100 கிலோ வந்து விழும் இடத்திலும் அதே 8 மி.மீ.தான். அடி விழாத மூலைக்கும் அடி விழும் இடத்துக்கும் சமபங்கு வைத்ததில், அடி விழும் இடம் பட்டினி கிடக்கிறது.

தரைக்கு வரும் அடியைக் கொஞ்சம் கணக்காகவே பார்த்துவிடலாம். 100 கிலோ பார்பெல்லை அரை மீட்டர் உயரத்திலிருந்து கைவிட்டால் தரைக்கு வருவது ஏறக்குறைய 490 ஜூல் ஆற்றல். தலைக்கு மேலிருந்து, இரண்டு மீட்டரிலிருந்து விட்டால் அதைப்போல் நான்கு மடங்கு. ஆற்றல் எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் தரையின் தலையெழுத்து இருக்கிறது. அரை மீட்டர் விழுந்த எடை 2 மி.மீ.க்குள் நின்றால், தரை சராசரியாகத் தாங்குவது அந்த எடையைப்போல் 250 மடங்கு விசை. 8 மி.மீ. நசுங்கி நின்றால் அது 60 மடங்கு சொச்சத்துக்கு இறங்கிவிடும். ரப்பர் செய்வது இது ஒன்றைத்தான்: நிற்கும் தூரத்தைக் கூட்டுகிறது. ஃபோம் மேட் தோற்பதும் இதே கணக்கில்தான். அது மெத்தென்று இருப்பதால் பாதி விசைக்கே அடிவரை நசுங்கிவிடும். அதன் பிறகு பிளேட் மோதுவது நேராகக் கான்கிரீட்டில். ஃபோம் மேல் நின்று ஸ்குவாட் (பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது) போடுவதும் சரிப்படாது. குதிகால் ஒரு பக்கம் அதிகமாக அமிழ்ந்தால் முட்டி உள்பக்கம் மடங்கும். ரேக்கின் கால்கள் சில வாரத்தில் அதில் நிரந்தரக் குழி போட்டுவிடும்.

ப்ளைவுட் செய்வது வேறு வேலை. அது நசுங்குவதில்லை, பரப்புகிறது. பிளேட்டின் விளிம்பு தரையில் படுவது ஒரு மெல்லிய கோட்டில். அந்தக் கோட்டுச் சுமையை விறைப்பான ப்ளை தன் அடியில் அகலமாகப் பிரித்துவிடும். அதனால் ரப்பர் மேலே, ப்ளை கீழே. இரண்டையும் இடம் மாற்றி ரப்பர் மேல் வெறும் ப்ளையை வைத்து இரும்பு பிளேட்டைப் போட்டால், சில நாளிலேயே ப்ளையின் மேல் ஏடு நார்நாராகக் கிழியும்.

685 மி.மீ.

சர்வதேசப் போட்டி அளவில் செய்யப்படும் ஆண்களுக்கான பார்பெல் 2,200 மி.மீ. நீளம். பிளேட் உள்ளே நகராமல் தடுக்கும் வளையங்களான இரண்டு உள் காலர்களுக்கு இடையே 1,310 மி.மீ. ஒவ்வொரு காலரும் 30 மி.மீ. அகலம். அதற்கு வெளியே பிளேட் ஏற்றும் குழல் 415 மி.மீ. கூட்டிப் பாருங்கள், சரியாக 2,200 வரும். பெண்களுக்கான 15 கிலோ பார் 2,010 மி.மீ. என்றாலும் காலர்களுக்கு இடைப்பட்ட தூரம் அதே 1,310தான். குழல் மட்டும் 320 மி.மீ. ஆகிறது. இந்த எண்களைத் தரைமேல் சாக்பீஸால் வரைந்து பார்த்ததும் தடிமன் பற்றிய பேச்சே வேறாகிவிடுகிறது. பாரின் நடுவிலிருந்து பாதி 655, அதோடு காலர் 30: முதல் பிளேட்டின் உள்முகம் 685 மி.மீ.யில் தொடங்குகிறது. கடைசி பிளேட் எவ்வளவு வெளியே போனாலும் 1,100ஐத் தாண்டாது. அதாவது, பாரைத் தரையிலிருந்து இடுப்புவரை இழுத்து நிமிரும் டெட்லிஃப்டில் தரைக்கு வரும் அடி அத்தனையும் விழுவது இடம் வலமாக இரண்டு கீற்றுகளில், ஒவ்வொன்றும் 415 மி.மீ. அகலம். அவற்றுக்கு நடுவில் 1,370 மி.மீ. அகலமுள்ள இடத்தில் நிற்பது உங்கள் இரண்டு பாதங்கள் மட்டும்தான். பாதத்துக்கு ரப்பர் வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது விறைப்பான, வழுக்காத தரை.

இதைப் பார்த்த பிறகு, சந்தையில் எங்கும் கிடைக்கும் இரண்டு அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்துவது தெரிகிறது. ப்ளைவுட் எட்டுக்கு நாலு அடி. குதிரை லாயத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் விரிக்கும் கனமான ரப்பர் மேட் ஆறுக்கு நாலு அடி, 19 மி.மீ. தடிமன், ஒன்று சுமார் 45 கிலோ. நாலடி அகல ப்ளையை நடுவில் போட்டால் அதன் விளிம்பு நடுவிலிருந்து 610 மி.மீ.யில் முடிகிறது. பிளேட் தொடங்குவது 685இல். நீங்கள் 7 செ.மீ. இடமோ வலமோ தள்ளி நின்று இழுத்தாலும் பிளேட் மரத்தில் படாது. அதே ரப்பர் மேட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் ஆறுக்கு இரண்டடிக் கீற்றுகள் இரண்டு. அவை 610இல் தொடங்கி 1,220 வரை போகும், பாரின் நுனி 1,100இல் நின்றுவிடும். ஒரே மேட், ஒரே அறுப்பு, கழிவு கிடையாது. அறை முழுக்க விரித்தால் நான்கு மேட் கேட்கும் இடத்தில் ஒன்று போதும், அதுவும் முழு 19 மி.மீ.யில்.

ஒரு எச்சரிக்கை. 25 அல்லது 28 மி.மீ. துளையுள்ள பிளேட் போடும் குட்டைப் பார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை ஆளுக்கொரு நீளத்தில் வருகின்றன. உங்கள் பாரில் காலருக்குக் காலர் அளந்து, நடுப்பலகையை அதைவிட இரு பக்கமும் ஐந்து செ.மீ. குறைவாக அறுத்துக்கொள்ளுங்கள்.

மேடை கட்டுவது

தரை திடமான கான்கிரீட், மட்டமாகவும் இருக்கிறது என்றால் அடிப்பலகையே வேண்டாம். 18 மி.மீ. ப்ளை ஒன்று நடுவில், ரப்பர் கீற்று இருபுறம், அவ்வளவுதான். கீற்றுகள் விலகி ஓடாமல் இருக்க வெளிப்பக்கமாக இரண்டு அங்குல மரச்சட்டம் வைத்து, முன்னும் பின்னும் குறுக்குச் சட்டத்தால் பிணைத்துச் செவ்வகமாக்கிவிடுங்கள். இதைவிடக் குறைந்த செலவில் நியாயமான டெட்லிஃப்ட் தரை அமைக்க எனக்கு வழி தெரியவில்லை. நிற்கும் இடமும் பிளேட் இருக்கும் இடமும் ஒரே உயரத்தில் இருப்பது இதில் கிடைக்கும் இன்னொரு லாபம். வெறும் தரையில் நின்றுகொண்டு பிளேட்டுக்கு அடியில் மட்டும் மேட் போடுகிறவர்கள் தெரியாமலேயே 2 செ.மீ. உயர்த்திய பாரை இழுக்கிறார்கள். வெளியே போய்ச் சமதரையில் தூக்கும்போது அந்த 2 செ.மீ. கணக்கைக் கேட்கும்.

தரை டைல்ஸ் என்றாலோ, மேல்பூச்சு பெயர்ந்த பழைய சிமெண்ட் என்றாலோ அடிப்பலகை இரண்டடுக்கு தேவை. எட்டடி அகலம், ஆறடி ஆழம் உள்ள மேடைக்கு மொத்தம் நாலு ஷீட் போதும். மூன்றாவது ஷீட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து எட்டுக்கு இரண்டு ஆக்கிக்கொள்ளுங்கள். முதல் அடுக்கில் முழு ஷீட் முன்னால், அரை ஷீட் பின்னால். இரண்டாவது அடுக்கில் அரை ஷீட் முன்னால், முழு ஷீட் பின்னால். இப்படி வைத்தால் கீழ் அடுக்கின் இணைப்பு நாலடியிலும் மேல் அடுக்கின் இணைப்பு இரண்டடியிலும் வரும், ஒன்றின் மேல் ஒன்று விழாது. இணைப்புகள் நேருக்கு நேர் வந்துவிட்டால் அந்தக் கோட்டில் மேடை மடங்க ஆரம்பிக்கும். நாலாவது ஷீட்டில் இரண்டடியை நறுக்கிவிட்டால் நடுப்பலகை. அடி அடுக்குகளுக்கு முதல் தரம் வேண்டியதில்லை, மரச்சீவலை அழுத்திச் செய்த ஓஎஸ்பி பலகைகூடப் போதும். மரத்தூள் பலகையும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப்பும் மட்டும் வேண்டாம். முதல்முறை ஈரம் பட்டதும் உப்பி, அடுத்த அடியில் பொடியும்.

திருகு 30 மி.மீ. இரண்டடுக்கு சேர்ந்து 36 மி.மீ. என்பதால் முனை அடியில் குத்தாது. நடுப்பலகையைப் பூட்டும்போதும் அதே 30 மி.மீ. 12 மி.மீ. ஆழத்துக்குக் கடித்துக்கொள்ளும். 30 செ.மீ.க்கு ஒன்று, விளிம்பிலிருந்து நான்கைந்து செ.மீ. உள்ளே. தலை பலகைக்குள் சற்று புதையுமாறு முதலில் குழிவெட்டிக்கொள்ள வேண்டும். அடுக்குகளுக்கு இடையே மரப்பசை தடவினால் பின்னால் கிறீச் சத்தம் வராது. மேடையைத் தரையோடு ஆணியடிக்காதீர்கள். அதன் சொந்த எடையே அதை நகரவிடாது. நடுப்பலகைக்குப் பளபள வார்னிஷ் அடித்தால் வியர்வையில் வழுக்கும். மங்கல் ரகம் இரண்டு கோட்டிங், நடுவில் லேசாக உப்புத்தாள்.

பலகை வைக்கும் முன் ரசமட்டம் பிடித்துப் பாருங்கள். அதுவும் இல்லையா? பிளேட் மாட்டிய பாரை வெறும் தரையில் வைத்துக் கையை எடுங்கள், தானே உருண்டால் சரிவு இருக்கிறது. வண்டி நிறுத்தும் இடங்களில் தண்ணீர் வடிய நூற்றுக்கு ஒன்று சரிவு வைப்பது சாதாரணம். ஆறடியில் அது 18 மி.மீ. ஆகிவிடும். ஒவ்வொரு முறை பாரை இறக்கும்போதும் அது முட்டியை நோக்கி வரும், அல்லது விட்டு ஓடும். தாழ்ந்த பக்கத்தில் மெல்லிய ப்ளைக் கீற்றுகளைப் படிப்படியாக வைத்து நிரவுங்கள். ஓரத்தில் மட்டும் ஆப்பு சொருகினால் நடுவில் வெற்றிடம் விழும், அடி விழும்போது முரசாகச் சத்தம் போடும்.

பாரைத் தலைக்கு மேலிருந்து விடுகிற ஸ்னாட்ச், க்ளீன் அண்ட் ஜெர்க் ஆட்களுக்கு ஆறடி ஆழம் போதாது. தவறிய தூக்கு முன்னாலோ பின்னாலோ நன்றாகத் தள்ளி விழும். எட்டுக்கு எட்டு கட்டுங்கள், ஷீட் ஐந்து, மேட் இரண்டு ஆகும். போட்டி மேடையே நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் என்பதை நினைவில் வைத்தால் இது ஆடம்பரமல்ல. ரப்பர் பூசிய பம்பர் பிளேட் இல்லாமல் அந்த வேலையே வேண்டாம். எந்தத் தரையும் 2 மீட்டரிலிருந்து விழும் இரும்பை நெடுநாள் பொறுக்காது.

ரப்பரை எடைபோட்டு வாங்குவது

விளம்பரத்தில் 'கனரக' என்று போட்டிருப்பதை நம்பி வாங்குவதைவிட நீள அகலத்தையும் எடையையும் கேளுங்கள். 19 மி.மீ. மேட் சதுர மீட்டருக்கு 20 கிலோவை ஒட்டி வந்தால் அது அழுத்தி வேகவைத்த கெட்டி ரப்பர். 12, 13 கிலோதான் வருகிறது என்றால் உள்ளே காற்றுதான் அதிகம். ஃபோம் கலந்ததாகவோ துகளைத் தளர்வாக ஒட்டியதாகவோ இருக்கும். வண்ணப்புள்ளி தெளித்த ரோல்கள் பழைய டயர்த் துகளைப் பாலியுரித்தேன் பசையால் ஒட்டிச் செய்தவை. நடக்கவும் ஸ்குவாட் போடவும் நல்லவைதான். ஆனால் பிளேட் திரும்பத் திரும்ப விழும் இடத்தில் துகள் உதிரும், துளைகளில் வியர்வை தங்கும். மூலையை மடக்கிப் பார்த்து, வெடிப்பில் குருணை குருணையாகத் தெரிந்தால் கீற்றுக்கு அது வேண்டாம்.

தொழுவ மேட்டுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. பலவற்றுக்கு அடிப்பக்கம் தண்ணீர் வடிய வரிப்பள்ளமோ குமிழோ இருக்கும். மொத்தத் தடிமன் 19 என்று சொல்லப்பட்டாலும் பள்ளத்தில் இருப்பது 12, 13தான். குமிழின் மேல் மட்டும் நிற்கும் மேட், பிளேட் விழும்போது டைல்ஸுக்குப் புள்ளிப் புள்ளியாகச் சுமையைக் கொடுக்கும். இருபுறமும் தட்டையானதைத் தேடுங்கள். கன்வேயர் பெல்ட்டின் பழைய துண்டுகளும் மலிவாகக் கிடைக்கும். அவை கிழியவே கிழியாது, ஆனால் உள்ளே துணி அடுக்கு இருப்பதால் அமுங்குவது குறைவு. போல்ட் போடாத ரேக்குக்கு அடியில் போடலாம். பிளேட் விழும் கீற்றுக்கு ஆகாது.

வாசனை விஷயத்தில் பொறுமை வேண்டும். புது ரப்பரின் கந்தக நெடி மூடிய அறையில் வாரக்கணக்கில் நிற்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் இருபுறமும் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமான இடத்தில் சில நாள் சாய்த்துவைத்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். மண்ணெண்ணெய், தின்னர் எதையும் தொடாதீர்கள். எண்ணெய் வகை எதுவானாலும் ரப்பரை உப்பவைக்கும். பாருக்கு எண்ணெய் போடுவதையும் மேடைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வினைல் தரைமேல் ரப்பரை நேராக விரித்தால் கொஞ்ச நாளில் பழுப்புக் கறை ஏறும். அது எதிலும் போகாது. இடையில் ப்ளை கட்டாயம்.

அறுப்பதற்கு மின்வாள் தேடி ஓட வேண்டாம். ரப்பர் சூடாகிப் பல்லில் ஒட்டும், புகையும். சாதாரணக் கட்டரும் கைநிறையப் புது பிளேடும் போதும். அறுக்க வேண்டிய கோட்டுக்கு நேர் கீழே ஒரு மரச்சட்டத்தைக் கொடுத்தால் மேட் இருபுறமும் தொங்கி, வெட்டு தானே வாய் திறக்கும். இரும்பு அளவுகோலைப் பிடித்து முதல் இழுப்பு மேலோட்டமாக, அடுத்தடுத்து ஆழமாக. கோட்டில் சோப்பு நீர் விட்டுக்கொண்டே இருந்தால் பிளேடு சிக்காது. ஒரே இழுப்பில் முடிக்கப் பார்த்தால் பிளேடு வளைந்து, மேலே நேராகவும் கீழே சாய்வாகவும் வெட்டும். அறுக்கும் முன் மேட்டை அந்த அறையிலேயே ஒரு நாள் போட்டுவையுங்கள். வெயிலில் கிடந்து விரிந்த ரப்பரை அளந்து வெட்டினால் இரவில் சுருங்கி இடைவெளி விழும். குளிரில் இறுக்கமாகப் பொருத்தினால் பகல் வெப்பத்தில் நடுவில் எழும்பும். சுவரோரம் அரை செ.மீ. விட்டுவைப்பதும் இதற்காகத்தான்.

ரப்பர் காப்பாற்றாதவை

டைல்ஸை ஒவ்வொன்றாக நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். பொள்ளென்று ஒலித்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை என்று பொருள். அதன் மேல் எவ்வளவு ரப்பர் போட்டாலும் உடையும். இரண்டடுக்கு ப்ளை மட்டும்தான் அந்தக் குழியைத் தாண்டிச் சுமையைக் கடத்தும். கான்கிரீட்டிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க, அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்தினாலோ சிமெண்ட் கறுத்தாலோ, மேடைக்கு அடியில் தடிமனான பிளாஸ்டிக் தாள் விரிக்காமல் பலகை வைக்காதீர்கள். பூஞ்சை முதலில் தெரிவது கண்ணுக்கல்ல, மூக்குக்கு.

மாடியில் இருப்பவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. குடியிருப்பு அறைகளின் தளம் பல நாடுகளின் விதிகளில் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான சுமைக்கு வடிவமைக்கப்படுகிறது. மேடை, பார், ஆள் எல்லாம் சேர்ந்த நிலைச்சுமை பரவலாக இருந்தால் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். விழும் அடிதான் வேறு கதை. 19 மி.மீ. ரப்பர் 'டணார்' என்ற உலோகச் சத்தத்தை அடக்கும். தளம் வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும் 'தும்' அதிர்வை அடக்காது. அதற்கு ப்ளைக்கு அடியில் இன்னொரு ரப்பர் அடுக்கும், பிளேட்டுக்குக் கீழ் தடிமனான தனி மெத்தையும் வேண்டும். அப்படியும் கீழே கேட்கத்தான் செய்யும். பாரைக் கையோடு இறக்கிவைக்கப் பழகுவது இந்த எல்லாச் செலவையும்விட மலிவு.

ரேக்கை ரப்பர் மேல் நிறுத்தி போல்ட் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ரப்பர் மெல்ல அமுங்க, போல்ட் தளர்ந்து ரேக் ஆடும். காலளவுக்கு ரப்பரை வெட்டியெடுத்து, ரேக்கை நேராக ப்ளையிலோ கான்கிரீட்டிலோ பூட்ட வேண்டும். ஸ்குவாட், பெஞ்ச் இரண்டிலும் பாரைத் தாங்க ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகள் இருப்பதால் அங்கே தரையில் அடி விழுவதே கிடையாது, மெல்லிய ரோல் தாராளம். டம்பெல்லுக்குத்தான் கவனம் வேண்டும். 30 கிலோ டம்பெல் ஒற்றை முனையில் விழும்போது சின்னப் புள்ளியில் இறங்கும் அடி, பார்பெல்லின் அகன்ற விளிம்பு கொடுப்பதைவிடக் கொடுமையானது. அது விழுவது பெஞ்சின் தலைமாட்டில், இருபுறமும் கை எட்டும் தூரத்தில். இரண்டடிச் சதுரத் துண்டு ரப்பர் இரண்டு அங்கே கிடந்தால் போதும்.

கீற்றுகளை ப்ளையோடு ஒட்டவோ திருகவோ வேண்டாம். சட்டத்துக்குள் சும்மா கிடக்கட்டும். இரண்டு மூன்று பிளேட் மாட்டினால் குழலின் முதல் 20 செ.மீ.தான் நிரம்பும். எனவே கீற்றின் உள்விளிம்பிலிருந்து 7 முதல் 28 செ.மீ. வரைதான் பள்ளம் விழும், மீதி புத்தம்புதிதாகவே இருக்கும். அந்தப் பகுதியை விரலால் தடவி, ரப்பர் வெளிறி அழுத்தினாலும் எழாத நிலை தெரிந்ததும் கீற்றை அரைவட்டம் திருப்பிப் போடுங்கள். வெளிவிளிம்பு உள்ளே வரும். அதுவும் தேய்ந்தால் குப்புறக் கவிழ்த்து மறுபடி இரண்டு முறை. இருபுறமும் தட்டையான மேட் வாங்கியிருந்தால் ஒரு கீற்று நான்கு முறை புதிதாகும். திருப்பும்போது அடியில் ப்ளையின் திருகுகளையும் ஒரு சுற்று இறுக்கிவிடலாம்.